யார் கைக்குப் போகிற தாள்

லேசர் பிரிண்டரில் அடித்த பத்திரத் தாள் கைக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தால் ஓர் எழுத்தை லேசாகச் சுரண்டிப் பார்ப்பது என் வழக்கம். நகத்தில் கறுப்புப் பொடி ஒட்டினால் அந்தத் தாள் பதிவுக்குப் போகக் கூடாது. முத்திரைத்தாள் சாதாரண ஏ4 தாளைவிடத் தடிமனானது. டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் சூடு, வழக்கமான வேகத்தில் ஓடும்போது அந்தத் தடிமனுக்குப் போதாது. பார்க்க எழுத்து பளிச்சென்றுதான் இருக்கும். நான்காக மடித்துப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பிரித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து உதிர்ந்திருக்கும். மடிப்பு எப்போதும் நான்கெல்லை எழுதிய வரியில்தான் விழும் என்று அப்பா சொல்வார்.

இதற்கு வைத்தியம் சுலபம். பிரிண்ட் கொடுக்குமுன் தாள் வகை என்று கேட்கும் இடத்தில் ‘தடித்த தாள்’ என்று மாற்றிவிட வேண்டும். இயந்திரம் நிதானமாக, கூடுதல் சூட்டில் அடிக்கும். சில நொடி தாமதம், அவ்வளவுதான். பிரிண்டர் விற்கிற கடைகளில் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

சங்கரன்கோவிலில் புதிதாக அலுவலகம் போடுகிற அக்கா மகன் போன வாரம் போனில் கேட்டான். ஜிஎஸ்டி கணக்கு, பத்திரம் தயாரிப்பது, கொஞ்சம் பேங்க் லோன் வேலை. “சித்தி, லேசர் வாங்கட்டுமா, இங்க் டேங்க் வாங்கட்டுமா?” நான் திருப்பிக் கேட்டேன்: “நீ அடிக்கிற தாள் யார் கைக்குப் போகும்டா?” அவனுக்குப் புரியவில்லை. “கஸ்டமர் கைக்குத்தான், வேற யார் கைக்கு?” என்றான்.

அது அப்பாவின் கேள்வி. தென்காசியில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். காலையிலும் மாலையிலும் லோயர், ஹையர் படிக்கிற பிள்ளைகள். நடுவில் ஜாப் டைப்பிங். யார் வந்து உட்கார்ந்தாலும், ரெமிங்டனில் தாளைச் சொருகுமுன், “அண்ணாச்சி, இது யாருக்குப் போகுது?” என்பார். கலெக்டருக்கு மனு என்றால் ஒரு தாள், கோர்ட்டுக்கு என்றால் வேறு தாள். எதிர்த்தரப்புக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, கட்சிக்காரருக்கு ஒன்று என்று நகல் கூடக் கூடக் கார்பன் கூடும், விரல் அழுத்தமும் கூட வேண்டும். நான்காவது நகலில் எழுத்து மங்கித்தான் விழும். அந்த மங்கல் நகல் யாருக்கு என்பதையும் அப்பா முதலிலேயே முடிவு செய்துவிடுவார். வாசிக்கத் தெரியாதவர் தலையில் அதைக் கட்டிவிடக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. “அவுக அதை வேற ஆள்கிட்ட கொடுத்துதான் வாசிக்கணும். அந்த ஆளுக்கும் தெரியலைன்னா என்ன செய்வாக?”

முத்திரைத்தாளில் டைப் அடிக்கும் நாட்களில் கடையில் பேச்சே இருக்காது. ஓர் எழுத்து தப்பினால் அடித்துத் திருத்தி, திருத்தம் இன்னதென்று குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்த அமைதியைக் குலைத்துக்கொண்டு கடைக்குள் வந்தது டாட் மேட்ரிக்ஸ்.

எப்சன் எல்எக்ஸ்-800, பிறகு டிவிஎஸ்ஸின் எம்எஸ்பி வரிசை. எல்எக்ஸ்-800இன் தலையில் 9 ஊசிகள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருக்கும். மை ரிப்பனை ஊசி குத்தக் குத்தத் தாளில் புள்ளி விழும், புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும். இங்கிலீஷ் எழுத்துகள் இயந்திரத்துக்கு உள்ளேயே இருந்ததால் இங்கிலீஷ் பக்கம் சரசரவென்று வந்து விழும். தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. சிடாக் தயாரித்த ஜிஸ்ட் கார்டைக் கம்ப்யூட்டரில் பொருத்தியோ, தமிழ் எழுத்துரு மென்பொருள் வைத்தோ, ஒவ்வொரு வரியையும் படமாக அனுப்ப வேண்டும். மேலே ‘கி’யின் கொக்கி, கீழே ‘கூ’வின் வால் என்று நம் எழுத்துக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். ஒரே ஓட்டத்தில் 9 ஊசிக்குள் அது அடங்காது. தலை அதே வரியில் திரும்பத் திரும்பப் போய்வரும். ஒரு தமிழ்ப் பத்திரம் முடிவதற்குள் வாசலில் நிற்பவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அப்படி அடித்தும் சுழிதான் தொல்லை. சின்ன எழுத்தில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் நடுவில் இருக்கிற ஒரே ஒரு சுழி, புள்ளிகளுக்குள் அடைபட்டுப்போகும். ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் அது வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்துக்குக் கிட்டே வைத்து, பெயர் வருகிற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தெளிவில்லாத இடத்தில் எழுத்தின் அளவைக் கூட்டி மறுபடி அடிக்கச் சொல்வார். தாள் வீணாவதைப் பற்றி அவர் அங்கே மட்டும் பேசியதில்லை.

ஆனாலும் டாட் மேட்ரிக்ஸைப் பழைய சாமான் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லாரி புக்கிங் ஆபீஸில் ஒரே அடியில் மூன்று நகல் வேண்டும்: ஒன்று டிரைவரிடம், ஒன்று சரக்கு அனுப்பியவரிடம், ஒன்று கோப்பில். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே குத்தில் விழுந்தவை என்பதுதான் அங்கே நம்பிக்கை. ஊசி குத்துகிற இயந்திரத்தால் மட்டுமே அது முடியும். லேசரும் இங்க்கும் தாளைக் குத்துவதே இல்லை, கார்பனுக்கு அங்கே வேலையில்லை. ரிப்பன் காய்ந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குமே தவிர, பாதி பில்லில் திடீரென்று நிற்காது. புழுதியும் வெயிலும் அடிக்கிற லாரி ஷெட்டில் அதைப்போல உழைக்கிற பிரிண்டரை நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் பேப்பரின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டையைக் கிழித்துப் போடுவோம். அந்தப் பட்டைகளை மாற்றி மாற்றி மடித்து ஸ்பிரிங் செய்து விளையாடாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. இந்த அக்கா மகனும் செய்தவன்தான்.

நகல் என்றதும் செஸ்டர் கார்ல்சன் நினைவுக்கு வருகிறார். நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை. காப்புரிமை ஆவணங்களுக்குப் போதுமான நகல் எப்போதும் இருக்காது. மறுபடி டைப் அடித்து எடுக்க வேண்டும், வரைபடங்களை வெளியே அனுப்பிப் படம் பிடிக்க வேண்டும். அவருக்கு மூட்டு வாதமும் உண்டு, கண்ணும் சுகமில்லை. கிட்டத்தட்ட அப்பா செய்த வேலைதான் அது. 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியா என்ற பகுதியில், வாடகை அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னையுடன் அவர் செய்து பார்த்த சோதனையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் போனது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கியது. நுண்ணிய பொடியைத் தூவினதும் எழுத்து எழுந்தது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்து, சூடு காட்டி நிலைக்க வைத்தார்கள்.

இதை விற்கிற இயந்திரமாக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஜெராக்ஸ் 914 வந்தது 1959இல். விளக்குக்குப் பதில் லேசர் கதிரால் நேரடியாக எழுதலாமே என்று அதே ஜெராக்ஸில் கேரி ஸ்டார்க்வெதர் யோசித்தது அறுபதுகளின் கடைசியில். 1984இல் எச்பி முதல் லேசர்ஜெட்டை விற்றபோது விலை 3,495 டாலர், உள்ளே இருந்த எஞ்சின் கேனானுடையது. இன்று அக்கா மகனின் மேசைக்கு வரப்போகிற பெட்டிக்குள்ளும் நடப்பது அந்த வாடகை அறையில் நடந்ததுதான்: மின்னேற்றம், வெளிச்சம், பொடி, சூடு. அதனால்தான் சூடு குறைந்தால் பொடி உதிர்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். காரணம் தெரிந்தால் பழுதும் பாதி தெரிந்த மாதிரி.

பழுது என்றால், எங்கள் பக்கத்துச் சிறு கடைகளையும் வக்கீல் அலுவலகங்களையும் வருஷக்கணக்கில் தாங்கியவை எச்பி 1020ம் கேனான் எல்பிபி 2900ம். 12ஏ கார்ட்ரிட்ஜ் என்று சொன்னால் எந்த ஊரிலும் ஓர் ஆள் பையோடு வருவார். கடைத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, பின்னைத் தட்டிக் கழற்றி, கழிவுப் பொடியைக் கொட்டி, புதுப் பொடி நிரப்பி, டிரம்மைத் துடைத்துத் திரும்ப மாட்டுவார். எங்களுக்கு வந்த பையன் ஒரு சின்ன ஸ்கேலைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். தாளில் ஒரே கறை திரும்பத் திரும்ப விழுந்தால் இரண்டு கறைக்கு நடுவே அளப்பான். ஏழரை சென்டிமீட்டர் வந்தால், “அக்கா, டிரம்மு போச்சு” என்பான். அந்த டிரம்மின் குறுக்களவு 24 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குச் சுமார் 75 மில்லிமீட்டர் தாள் நகரும். டிரம்மில் ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை அது தாளில் விழும். இயந்திரத்தைத் திறக்காமலேயே சொல்லிவிடுவான். எந்தப் பிரிண்டர் வாங்கினாலும் அந்த மாதிரி ஒரு பையன் அந்த ஊரில் இருக்கிறானா என்று பார்த்து வாங்க வேண்டும். விவரத்தாளில் உள்ள எந்த எண்ணையும்விட இது எனக்கு முக்கியம்.

இப்போது வருகிற கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சிப் வைக்கிறார்கள். பொடி நிரப்பினாலும் சிப் ‘காலி’ என்கிறது, அல்லது வெளி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளை நிரப்பிக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி இதற்காக வழக்கே போட்டது. விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின் மேல் காப்புரிமையை வைத்துத் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு உரிமையைச் சொன்னது, சிப்பைக் கழற்றவில்லை. அதனால் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்: சிப் உண்டா, இந்த ஊரில் நிரப்பித் தருகிறார்களா?

சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் இன்னொரு கதை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் தென்காசித் தெருவுக்குள்ளும் வரும். ஊரே அதற்காகக் காத்திருக்கும், ஆனால் தாளுக்கு அது ஆகாது. திறந்துவைத்த ரீம் ஒரே ராத்திரியில் ஈரம் குடித்துவிடும். லேசருக்குள் போய்ச் சூடு பட்டதும் தாள் சுருண்டு உள்ளே சிக்கும். இயந்திரத்தைக் குறை சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ரீமின் மேலுறையைப் பாதியாக மட்டும் கிழித்து, தேவைக்கு எடுத்து, மிச்சத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டுப் பீரோவில் வைத்தால் போதும். அலமாரியின் அடித்தட்டு, சுவரோரம், இரண்டும் வேண்டாம். கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் காப்பியர் தாளைத்தான் நாங்கள் பெரும்பாலும் வாங்கினோம். 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம், என்று போட்டிருந்தால் 500 தாளின் எடை சுமார் 2 கிலோ 340 கிராம் இருக்க வேண்டும். பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் என்பதால் கணக்கு லேசாகத்தான் வரும். சந்தேகம் வந்தால் அப்பா பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுவார்.

ஈரம் என்றதும் ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். வேறு எங்கோ இங்க்ஜெட்டில் அடித்த கிரையப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். ஓட்டு வீடு. ஒழுகின தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. முத்திரைத்தாளின் மேல்பகுதியில் அச்சகத்தில் அச்சிட்டது அப்படியே இருக்க, கீழே சர்வே எண்ணும் விஸ்தீரணமும் ஊதாவும் சாம்பலுமாகக் கலங்கிப் பரவியிருந்தன. தாளைக் காட்டும்போது அவர் கை நடுங்கியது. பதிவான பத்திரம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுத்தோம், நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதுவரை அவர் தூங்கவில்லை என்று அவர் மகள் சொன்னாள்.

அந்தப் பத்திரத்தில் இருந்தது தண்ணீரில் கரையும் டை மை. இன்னொரு வகை பிக்மென்ட். அதில் நிறம் கரைந்திருக்காது, நுண்துகளாக மிதக்கும். தாளில் ஏறி உலர்ந்ததும் துகள் தங்கிவிடும், தண்ணீர் பட்டால் எளிதில் ஓடாது. இங்க் டேங்க் பிரிண்டர்களில் சிலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், சிலவற்றில் நான்கு நிறமும் டை. விவரத்தாளில் இது எழுதியிருக்கும். வாங்குகிறவர்கள் பாட்டில் விலையைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

இங்க்ஜெட்டை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். அதன் பிறப்பே அழகு. 1977இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் மை நிரம்பிய ஊசியின் மேல் சால்டரிங் இரும்பு பட, சூட்டில் மை துளியாகத் தெறித்தது. அதிலிருந்து கிளம்பியது ஒரு முறை. எப்சன் சூடில்லாமல், மின்சாரத்தில் வளைகிற படிகத்தை வைத்துத் துளியைத் தள்ளும் வழியில் போனது. கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் மக்கள் வெளியே டப்பாக்களை வைத்துக் குழாய் போட்டு மை ஊற்றத் தொடங்கியதைப் பார்த்து, 2010இல் இந்தோனேசியாவில் எப்சன் தொட்டியோடு கூடிய பிரிண்டரையே விற்கத் தொடங்கியது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஏழை எளிய வீட்டுக்குக் கலர் அச்சு எட்டியது இதனால்தான் என்று எனக்குத் திடமான நம்பிக்கை.

என் நாத்தனார் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். சார்ட்டுக்கு ஒட்டப் பூவின் பாகம், தேசத் தலைவர் படம், ராத்திரி ஒன்பது மணிக்கு நினைவுக்கு வருகிற புராஜெக்ட். அங்கே இங்க் டேங்க்தான் சரி, அதில் இரண்டு பேச்சில்லை. தாள் டீச்சர் கைக்குப் போய், மார்க் வாங்கி, வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போகும். ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன்: லீவு விட்டு ஊருக்குப் போனாலும் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு கலர் பக்கம் அடிக்க ஆள் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் சும்மா கிடந்தால் தலையின் துளைகளில் மை உலர்ந்துவிடும். அப்புறம் ‘ஹெட் கிளீனிங்’ என்று அழுத்த அழுத்த நல்ல மையெல்லாம் அடியில் இருக்கிற கழிவுப் பஞ்சுக்குப் போகும். பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்கானால் இயந்திரம் தானாக நின்றுவிடும், சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். லேசருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பொடி உலராது, ஆறு மாதம் கழித்துத் தட்டினாலும் அடிக்கும். வீட்டில் எப்போதாவது ரயில் டிக்கெட்டும் ஆதார் நகலும் மட்டும் எடுக்கிறவர்களுக்குக்கூட அதனால் லேசரே மேல்.

லேசருக்குக் கரண்ட் வேண்டும். உருக்குகிற உருளை சூடேறும்போது சில நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கென்று வைத்த சின்ன யூபிஎஸ்ஸில் அதைச் செருகினால் யூபிஎஸ் கூவி அணைந்துவிடும். நேராகச் சுவர் பிளக்கில் போட வேண்டும். இங்க் டேங்குக்குப் பத்துப் பதினைந்து வாட் போதும், இன்வெர்ட்டரிலேயே ஓடும். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து டோக்கன் மாதிரி வேலையைப் பிரித்துக்கொண்ட வருஷங்களை எங்கள் தெரு மறக்கவில்லை.

இத்தனையும் போனில் சொல்ல முடியுமா? கொஞ்சம் சொன்னேன். அக்கா மகன் பொறுமையாகக் கேட்டான். பத்திரம் சார்பதிவாளருக்கும் கட்சிக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். கணக்குத் தாள் பேங்க் மேனேஜருக்கு. கலர் என்று பார்த்தால் மாதத்துக்கு நாலைந்து தாள், அதைப் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். அப்போ கறுப்பு வெள்ளை லேசர். “ரெண்டு பக்கமும் தானா அடிக்கிறது வேணுமா சித்தி?” என்றான். வேண்டும் என்றேன். நம் நாட்டு உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் 1 முதல் 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டுத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டது. தாளும் பாதியாகும், கோப்பும் பாதியாகும். போனிலிருந்து நேரே அனுப்பி அடிக்க வைஃபை இருக்கட்டும் என்றும் சொன்னேன். இப்போது வருகிறவர்கள் ஆவணத்தைக் கையில் கொண்டுவருவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள்.

இரண்டு மாடல் பார்த்துவைத்திருந்தான். ஒன்றில் டிரம்மும் டோனரும் ஒரே கார்ட்ரிட்ஜ். இன்னொன்றில் தனித்தனி: டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம். முதலாவது விலை குறைவு. தினம் ஐம்பது பக்கம் என்றான், மாதம் இருபத்தைந்து நாள் வேலை. அது 1,250 பக்கம். கம்பெனி சொல்கிற எண்ணிக்கை பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் கறுப்பு விழுகிற தாளுக்கு. பத்திரமோ வரிக்கு வரி நெருக்கமான தமிழ் எழுத்து, அதனால் 2,600 என்பதை 1,800 என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆறு வாரத்துக்கு ஒரு டோனர், பத்து மாதத்துக்கு ஒரு டிரம். இரண்டின் விலையையும், டோனரை அங்கேயே நிரப்பித் தருகிற ஆள் வாங்குகிற கூலியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கக் கணக்கால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலையில் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். தனித்தனியாக இருக்கிறதே பக்கத்துக்குக் குறைவாக வந்தது. அதைத்தான் வாங்கியிருக்கிறான்.